480 வெள்ளிக்கு ஷாமன் மேளம்: ஓர் உறுமிக்காரனின் மதிப்புரை

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பித்து, அதன் மேல்மாடியில் வார இறுதிப் பயிலரங்கு நடத்துகிறார்கள். ஷாமன் வழிபாடு, ஆழ்மன உளவியல், பாலின அடையாளம் என்று மூன்றையும் ஒரே சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். சைபீரியா போன்ற இடங்களில் ஆவிகளோடு பேசி வைத்தியம் பார்க்கிறவரைத்தான் ஷாமன் என்பார்கள். ஆளுக்கு 480 வெள்ளி (ரிங்கிட்). சனி, ஞாயிறு இரண்டு நாளும் மத்தியானச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. நடத்துகிறவர்கள் சிறிய ஆட்கள், பிழைப்பைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை, ஆகவே பெயரைப் போடவில்லை. ஆனால் இந்த மாதிரிப் பயிலரங்குகள் இங்கேயும் கோலாலம்பூரிலும் நிறைய முளைத்துவிட்டன. பணம் கட்டும் முன் யாராவது தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டால் என் மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பகலில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் வேலை. திருவிழாக் காலத்தில் உறுமி அடிப்பேன். தைப்பூசத்துக்குக் காவடியோடு தண்ணீர்மலைக்குப் போகிற மேளம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் என் உண்மையான வேலை பட்டர்வொர்த் பக்கத்துச் சின்னச் சின்னக் கோயில்களில்தான். முனியாண்டி, மதுரை வீரன், காளியம்மன், பேச்சியம்மன். சாமி இறங்கும்வரை அடிக்க வேண்டும். இறங்கிய பிறகு அது மலையேறும்வரையும் அடிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: நான் ஆண்களை விரும்பும் ஆண். வீட்டில் தெரியும், பேச்சு எழாது. ஆக அந்தச் சுவரொட்டியில் இருந்த மூன்றில் இரண்டு என் சொந்த விஷயம். மூன்றாவதான உளவியலில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். என்னோடு வந்தவர் எங்கள் அக்கா. திருநங்கை. பிறையில் தையல் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, எங்கள் கூட்டத்துக்கே மூத்தவர். "காசு நீ கட்டு, நான் பாத்துட்டு வரேன்" என்றார். கட்டினேன்.

முதலில் மேளம். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரையில் பாய் விரித்து எல்லாரையும் படுக்க வைத்து, கண்ணைத் துணியால் கட்டினார்கள். ஒற்றை முகம் கொண்ட தட்டையான மேளம், பஞ்சு சுற்றிய ஒரே குச்சி. நிமிடத்துக்கு இருநூறுக்கு மேல் அடி, வேகம் கூடாது குறையாது. இந்த அளவு சைபீரியாவில் பிறந்ததல்ல. அமெரிக்க மானுடவியலாளர் மைக்கேல் ஹார்னர், பல நாட்டு முறைகளிலிருந்து பொதுவானவை என்று தாம் நினைத்தவற்றைப் பிரித்தெடுத்து ஒரு சுருக்கப் பாடத்திட்டம் உண்டாக்கினார். 205 முதல் 220 அடி என்பது அவர் சொன்ன கணக்கு. அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, பூமியில் ஒரு துவாரம் வழியாகக் கீழே இறங்கி, அங்கே எதிர்ப்படும் விலங்கை வழிகாட்டியாகக் கேட்க வேண்டும். எனக்கு எந்த விலங்கும் வரவில்லை. நல்ல தூக்கம் வந்தது. பக்கத்துப் பாயில் இருந்த சீனத்து அங்கிள் எனக்கு முன்பே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். எதிர்ப் பாயில் ஒரு பெண் விம்மி விம்மி அழுதாள். எழுந்த பிறகு மனம் லேசாகிவிட்டது என்றாள், முகத்தைப் பார்த்தால் உண்மை என்றுதான் பட்டது. அவளுக்கு அந்தக் காசு வீண் போகவில்லை.

ஆனால் மேளம் அடித்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். எனக்கு அங்கேதான் இடித்தது. எங்கள் வேலையில் கண்ணை மூடினால் தொலைந்தோம். சாமியாடப் போகிறவரின் கால் கட்டைவிரலைப் பார்க்க வேண்டும், கழுத்தைப் பார்க்க வேண்டும், மூச்சு ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். கட்டைவிரல் துடித்தால் ஓர் அடி, தோள் குலுங்கினால் வேறு அடி. மதுரை வீரனுக்கு அடிப்பதைக் காளிக்கு அடிக்க முடியாது. அம்மன் வாசல்வரை வந்து நிற்கிறாள், உள்ளே வர மறுக்கிறாள் என்றால் உறுமியின் இழுப்பில்தான் அவளைக் கெஞ்ச வேண்டும், பாடுகிறவர் கோபமாகத் திட்டியே அழைப்பார். சில பூசாரிகள் உடுக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேரம் பேசுவார்கள். கிளந்தான் பக்கத்து மலாய்க்காரர்களின் மைன் புத்ரி சிகிச்சையிலும் இதே கதைதான்: தோக் புத்ரி மயக்கத்தில் இருப்பார், எதிரே ரெபாப் என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கும் தோக் மிண்டோக் அவருக்குள் வந்திருப்பதோடு கேள்வி கேட்டு வாக்குவாதம் செய்வார். இருவரில் ஒருவர் இல்லையென்றால் வைத்தியமே கிடையாது.

ஒரே சீரான அடி மூளையைத் தானாகவே மாற்றிவிடும் என்று 1960களில் ஒரு கொள்கை கிளம்பியது. அதற்கு ஜில்பேர் ரூஜே என்ற பிரெஞ்சு இசை ஆய்வாளர் கொடுத்த பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: அது உண்மையென்றால் ஆப்பிரிக்காவில் பாதிப் பேர் வருடம் முழுக்க மயக்கத்திலேயே இருக்க வேண்டுமே! மேளம் மட்டும் போதாது, எந்தச் சாமி, யாருடைய சாமி, சுற்றி நிற்பவர்கள் யார் என்பதெல்லாம் சேர வேண்டும் என்பது அவர் வாதம். எந்த உறுமிக்காரனைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவான். இரண்டாம் நாள் அந்த அம்மாவுக்குக் கை வலி. கைப்பேசியில் பதிவு செய்த மேளத்தை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்கள். 480 வெள்ளி வாங்கிவிட்டு!

ஞாயிறு காலை நடந்த உரை மட்டும் அசல் தங்கம். மானுடவியல் படித்த உள்ளூர்ச் சீனப் பெண் ஒருவர் பேசினார். மெல்லிய குரல், அலட்டல் கிடையாது. உலகின் பல மூலைகளில் ஆவிகளோடு பேசுகிறவர்கள் ஏன் ஆண் பெண் எல்லைக்கோட்டைத் தாண்டியவர்களாக இருந்திருக்கிறார்கள் என்பது தலைப்பு.

சைபீரியாவின் வடகிழக்கு முனையில், அலாஸ்காவுக்கு எதிரே வாழும் சுக்சி மக்களிலிருந்து ஆரம்பித்தார். ஜார் ஆட்சி சைபீரியாவுக்கு நாடு கடத்திய புரட்சிக்காரர் போகோராஸ், பிறகு ஆய்வாளராகி அவர்களைப் பற்றி 1900களின் தொடக்கத்தில் எழுதிவைத்தார். ஆவி ஓர் இளைஞனை அழைக்கும். முதலில் பெண்களைப் போல் முடி பின்னச் சொல்லும். சிலருக்கு அது அதோடு நின்றுவிடும். சிலருக்கு உடையும் மாறும். இன்னும் சிலர் ஈட்டியையும் கயிற்றையும் போட்டுவிட்டு ஊசியை எடுப்பார்கள், பேச்சும் நடையும் மாறும், ஓர் ஆணைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துவார்கள். வீட்டில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு புருஷனும் உண்டு, அந்த ஆவிப் புருஷன் சொல்வதுதான் சட்டம். மனிதப் புருஷன் வாயைத் திறக்க முடியாது. பெண்ணாகப் பிறந்து ஆணாக மாறியவர்களும் இருந்தார்கள். இப்படி மாறியவர்களைக் கண்டு மற்ற ஷாமன்களே பயந்தார்கள். இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி வேறு: அந்த அழைப்பு வந்துவிடுமோ என்று இளைஞர்கள் நடுங்கினார்களாம், சிலர் இணங்குவதைவிடச் சாவதே மேல் என்றார்களாம். யாரும் வரிசையில் நின்று வாங்கிய வரம் அல்ல அது. இந்தப் பெண் இதை மறைக்காமல் சொன்னதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் சரவாக்கின் இபான் மக்களிடம் வந்தார். அங்கே வைத்தியம் பார்ப்பவர் மனாங். அந்த வரிசையில் உச்சியில் இருந்தவர் மனாங் பாலி, கனவில் வந்த உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் பெண் உடைக்கு மாறி, கணவனைச் சேர்த்துக்கொண்டு வாழ்ந்த ஆண். 19ஆம் நூற்றாண்டில் பாதிரிமார்கள் இவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஊர்ச் சண்டையைத் தீர்க்கக் கூப்பிடுகிற அளவுக்கு மதிப்பு இருந்திருக்கிறது. நம் நாட்டுக்காரர்கள்! பள்ளிக்கூடத்தில் இபான் நீளவீட்டைப் படம் வரைந்து மார்க் வாங்கினேன், இதை ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்து இந்தோனேசியாவின் தெற்கு சுலவேசியில் வாழும் பூகிஸ் மக்கள். அவர்கள் பாலினத்தை ஐந்தாகப் பார்க்கிறார்கள்: ஆண், பெண், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் சலாலாய், ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழும் சலாபாய், ஐந்தாவதாக பிஸ்ஸு. பிஸ்ஸு ஒரு பூசைப் பதவியும்கூட. தலையில் பெண்களைப் போல் பூ, இடுப்பில் ஆண்களைப் போல் கிரிஸ் என்ற குத்துவாள். அருள் வந்ததும் அந்தக் கிரிஸைத் தொண்டையில் வைத்து அழுத்துவார்கள், வெட்டாது. அரசர்களின் புனிதப் பொருள்களைக் காப்பதும் அவர்கள் வேலை. 1950களில் தொடங்கி 1965வரை நீடித்த கஹார் முசாக்கர் தலைமையிலான இஸ்லாமியக் கிளர்ச்சியின் காலத்தில் அவர்களைத் துரத்தினார்கள், பூசைப் பொருள்களை அழித்தார்கள். இன்று எஞ்சியிருப்பவர்கள் கொஞ்சம் பேர். பர்மாவில் மண்டலேக்குப் பக்கத்தில் தவுங்பியோன் திருவிழாவில் ஆவிகளுக்கு மனைவிகளாக ஆடும் நாட் கடாவ்களின் படங்களையும் காட்டினார், அவர்களில் நிறையப் பேர் ஆணாகப் பிறந்தவர்கள். அக்கா என் காதோரம், "ஆண்டவா, எத்தன கூவாகம்டா இருக்கு" என்றார். கூத்தாண்டவர் கோயிலுக்கு ஒரு சித்திரையில் அவர் போய்த் தாலி கட்டி, மறுநாள் அறுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதை நான் எழுந்து சொன்னேன். உரையாற்றிய பெண் ஆர்வமாகக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

பசியாற கோப்பியும் குவே வகைகளும். மத்தியானம் நாசி உலாம் என்ற பச்சிலைச் சோறு. பச்சிலை வாசனை தூக்கலாக, கெரிசிக் (வறுத்து இடித்த தேங்காய்) தாராளமாக. சாப்பாட்டுக்குக் குறையே இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகுதான் வண்டி தடம் புரண்டது.

இந்தப் பகுதியை நடத்தியவர் மேளம் அடித்த அதே அம்மா. ஐரோப்பாக்காரர், யுங் வழியில் ஆழ்மன உளவியல் படித்தவர் என்று அறிமுகம். கார்ல் யுங், 1875இல் பிறந்து 1961இல் இறந்த சுவிஸ் மனநல மருத்துவர். ஒவ்வோர் ஆணுக்குள்ளும் ஒரு பெண் உருவம் இருக்கிறது, அதற்கு அனிமா என்று பெயர். ஒவ்வொரு பெண்ணுக்குள்ளும் ஓர் ஆண் உருவம், அனிமஸ். கனவிலும் கற்பனையிலும் அதோடு பேசிப் பழகி இணங்கிக்கொண்டால் மனம் முழுமை பெறும் என்பது அவர் கொள்கையின் சாரம். திரையில் அர்த்தநாரீஸ்வரர் படத்தைப் போட்டு, "இதோ, முழுமை பெற்ற மனம்" என்றார் அம்மா. அக்கா தமிழில் முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது: "இந்தச் சாமிக்கு எல்லாரும் மாலை போடுவாங்க. ரூம் வாடகைக்குக் கேட்டா மட்டும் புருஷன் வரட்டும்னு சொல்வாங்க."

பிறகு பயிற்சி. ஆண்கள் ஜன்னல் ஓரம், பெண்கள் சுவர் ஓரம். ஆளுக்கு முன்னால் ஒரு காலி நாற்காலி. ஆண்கள் தங்கள் அனிமாவை அதில் உட்கார வைத்துப் பேச வேண்டும், பெண்கள் அனிமஸை. காலையில் ஐந்து பாலினம் கேட்ட கூட்டத்தை மத்தியானம் இரண்டாகப் பிரித்தார்கள்! அக்கா நேராகச் சுவர் ஓரம் போனார். அம்மா தயங்கினார், சிரித்தார், தோளில் கை வைத்து, உங்களுக்கு ஜன்னல் பக்கம்தான் பலன் அதிகம், உங்கள் அனிமா மேலே வந்து உங்களையே மூடிவிட்டது, அவளிடம் பேசி அவளை உள்ளே அதனிடத்தில் வைக்க வேண்டும் என்கிற பொருளில் மென்மையாகச் சொன்னார். குரலில் கெடுதல் இல்லை. அக்காவுக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும், பதிலும் ஆங்கிலத்தில்தான் சொன்னார். தமிழில் அது இப்படி வரும்: "எனக்குள்ள இருக்கிற பொம்பளகிட்ட பேசச் சொல்றீங்க. அவதான் உங்ககிட்ட இப்ப பேசிக்கிட்டு இருக்கா. உள்ள வேற யாரும் இல்லம்மா." நாற்காலியை எடுத்துப் போய்ச் சுவர் ஓரமே போட்டு உட்கார்ந்துகொண்டார். எதிரே இருந்த காலி நாற்காலியில் தன் கைப்பையை வைத்தார்.

கையேட்டில் தன்பாலீர்ப்பைப் பற்றி யுங் எழுதியதில் ஒரு வரியை அச்சடித்திருந்தார்கள். அது இருபாலும் கலந்த ஆதி வடிவத்திலிருந்து முழுதாகப் பிரியாத நிலை என்பது அந்த வரி. வீட்டுக்கு வந்து முழுப் பத்தியையும் தேடிப் படித்தேன். அந்த வரிக்கு முன்பே, இதைப் பிறழ்ச்சி என்று சொல்வது கேள்விக்குரியது என்கிறார் யுங். அடுத்து, இப்படிப்பட்ட இயல்பை எல்லா நேரத்திலும் எதிர்மறையாகப் பார்க்கக் கூடாது என்றும் எழுதுகிறார். முன்னையும் பின்னையும் வெட்டிவிட்டு நடுவை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அந்த முழுப் பத்தியும் எனக்குச் சட்டையாகப் பொருந்தாது, நான் எதிலிருந்தும் பிரியாமல் பாதியில் நிற்கிறவன் இல்லை. ஆனாலும் அந்த மனிதருக்குச் செய்ய வேண்டிய நியாயம் ஒன்று இருக்கிறதே. யுங்குக்குப் பின் வந்தவர்களே இந்த இடத்தில் அவரோடு முட்டியிருக்கிறார்கள். ஜேம்ஸ் ஹில்மன், அனிமா ஆணுக்கு மட்டும் சொந்தம் என்று யார் சொன்னது, அது எல்லாருக்கும் பொது என்று வாதாடினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வகைப்பாட்டில், பாலின அடையாளம் பிறப்போடு பொருந்தாத நிலை மனநோய் அத்தியாயத்திலேயே இல்லை. இத்தனையும் நடந்த பிறகு அச்சடித்த கையேட்டில் இதில் ஒன்றுகூட இல்லை.

கேள்வி நேரத்தில் நான் கோயில் கதை சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஒரு லாரி ஓட்டுநர் அண்ணன். மீசை, தொந்தி, மூன்று பிள்ளைகள். ஆடி மாதம் அவர் மேல் காளி இறங்குவாள். சிவப்புச் சேலை கட்டிவிடுவோம், நெற்றி நிறையக் குங்குமம், நாக்கு வெளியே வரும். பெண்கள் காலில் விழுந்து "அம்மா" என்பார்கள். இன்னொரு பாட்டிக்கு முனியாண்டி வருவார். வந்ததும் சுருட்டுக் கேட்பார், போத்தல் கேட்பார், மீசை முறுக்குவார், அந்தப் பாட்டிக்கு ஏது மீசை? அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அந்த ஓட்டுநர் தன் பெண்மையை வாழ்ந்து பார்க்கிறார், பாட்டி தன் அனிமஸுக்கு இடம் கொடுக்கிறார் என்று பலகையில் கோடு போட்டு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு இதில்தான் அடிப்படைச் சண்டை. அந்த அண்ணன் காளி மலையேறியதும் எலுமிச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, "எவ்வளவு நேரம் இருந்தாடா?" என்று என்னைக் கேட்பார். வந்தவள் வேறு ஆள். அவருக்குள் ஒளிந்திருந்த ஏதோ ஒன்று அல்ல. பினாங்கிலேயே சீனர் கோயில்களில் தாங் கீ சாமியாடிகள் இருக்கிறார்கள். மூன்றாம் இளவரசர் என்கிற பாலகத் தெய்வம் இறங்கினால் அறுபது வயது ஆளும் ரப்பர் சப்புவார், மழலை பேசுவார். அவர் பாலகன் ஆகிவிட்டார் என்று யாரும் பால் மாவு வாங்கிக்கொண்டு போவதில்லை. குறட்டை விட்ட அங்கிள் இதற்கு மட்டும் விழித்துக்கொண்டு, "சரியாச் சொன்னப்பா" என்று தொடையைத் தட்டினார். சாமியின் வயது சாமியோடு, சாமியின் பால் சாமியோடு. எல்லாவற்றையும் ஆளுக்குள்ளேயே தள்ளினால் சாமியும் காணாமல் போகிறது, ஆளையும் தப்பாகப் படிக்கிறோம். சுக்சி ஷாமனுக்கு ஆவிப் புருஷன் சொன்னது வாழ்நாள் முழுக்க நீடித்தது. எங்கள் ஓட்டுநருக்கு ஆடி மாதத்து ஓர் இரவு. பிஸ்ஸுவுக்கு அது பரம்பரை அறிந்த பதவி. காலையில் அந்தப் பெண் இந்த வித்தியாசங்களைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். மத்தியானம் எல்லாவற்றையும் ஒரே குழம்பில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டார்கள்.

இதற்கு அக்கா ஒரு திருத்தம் போட்டார், அதையும் எழுதிவிட வேண்டும். சாமிக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். சிறு வயதில் அவர் மேல் மாரியம்மன் இறங்கினாள். அருள் வந்த நாளில் சேலை கட்டினால் சொந்த அப்பாவே கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் அதே சேலையைத் தொட்டால் இடுப்பு வார். "அந்த ஒரு நாளுதான் என்னை நானா ஊரு பாத்துச்சு தம்பி. அம்மன் என்னைப் பொம்பளையா ஆக்கல. நான் அப்படித்தான் இருந்தேன். அவ ஒரு சந்து விட்டா, நான் பூந்து வந்தேன்." இதைப் பெரி (படகு) ஏறும்போது சொன்னார், பயிலரங்கில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பலகையில் எந்தக் கட்டத்துக்குள் எழுதியிருப்பார்களோ.

கடுமையாகச் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு, அது புகைப்படம். முதல் நாளே ஓர் இளைஞர் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தார். யாரிடமும் கேட்கவில்லை. கூட்டத்தில் மலாய்க்காரப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். 'இயற்கைக்கு மாறான' உடலுறவு என்று தண்டிக்கும் குற்றவியல் சட்டத்தின் 377ஏ பிரிவு இன்னும் புத்தகத்தில் இருக்கிற நாடு இது, முஸ்லிம்களுக்கு மேலே ஷரியா சட்டங்கள் வேறு. பாலின அடையாளம் என்று தலைப்பு வைத்துக் கூட்டம் கூட்டுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. நான் போய்க் கேட்டதும் உடனே நிறுத்தினார்கள், எடுத்த படங்களை எங்கள் கண் முன்னே அழித்தார்கள். நான் கேட்டிருக்காவிட்டால்?

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல். படிக்கட்டு செங்குத்து, முட்டி வலிக்காரர்கள் யோசியுங்கள். காடி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும், பட்டர்வொர்த்திலிருந்து வருகிறவர்கள் பெரியிலேயே வந்துவிடுங்கள். கழிவறை ஒன்றே ஒன்று. இதைக் குறையாக எழுத நினைத்தேன், அக்கா தடுத்தார். எந்தக் கதவு என்று யாரும் முறைக்காமல் அவர் போய்வந்த பொது இடங்கள் ரொம்பக் குறைவு.

ஆர்வத்துக்காகப் போகிறீர்கள், மேளத்தில் படுத்துப் பார்க்க ஆசை என்றால் போகலாம். உங்கள் பாலினத்தைப் பற்றியோ யாரை விரும்புகிறீர்கள் என்பதைப் பற்றியோ உள்ளே புயல் அடித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு ஒத்தாசை தேடுகிறீர்கள் என்றால் இங்கே போகாதீர்கள். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி நம் நாட்டில் ஆலோசகராகத் தொழில் செய்ய லெம்பாகா கவுன்சலர் என்ற ஆலோசகர் வாரியத்தில் பதிவு வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். இங்கே கேட்டேன். இது ஆலோசனை அல்ல, அனுபவம் என்றார்கள். பதிவு உள்ளவர்களிலும் எல்லாரும் நம்மைப் புரிந்துகொள்கிறவர்கள் என்று சொல்லமாட்டேன். முதல் சந்திப்பிலேயே "என்னை மாற்றப் பார்ப்பீர்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள், முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். நள்ளிரவில் மனசு தாங்காத அளவுக்குப் போனால் பிஃபிரெண்டர்ஸ் தொலைபேசிச் சேவை இருக்கிறது.

பயிலரங்கு முடிந்ததும் கருத்துப் படிவம் அனுப்பினார்கள். மேலே எழுதியதில் பாதியை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். புகைப்பட விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டு, இனி எழுத்தில் சம்மதம் வாங்குவோம் என்று பதில் போட்டார்கள். நல்லது. ஆண் பக்கம் பெண் பக்கம் என்று பிரித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பதிலாக இரண்டாம் கட்டப் பயிலரங்கின் விளம்பரம் இருந்தது: ஐந்து நாள், 1,900 வெள்ளி, தங்கும் இடம் தனி. அக்காவிடம் காட்டினேன். அந்தக் காசுக்குத் தன் கடைக்கு நல்ல ஓவர்லாக் மெஷின் ஒன்று வந்துவிடும் என்றார். ஐந்து நட்சத்திரத்தில் நான் இரண்டரை கொடுக்கிறேன். அதில் இரண்டு அந்த ஞாயிறு காலை உரைக்கு, அரை நாசி உலாமுக்கு. அந்த உரையை மட்டும் தனியாக நடத்தினால் நூறு வெள்ளி கொடுத்து முன்வரிசையில் உட்காருவேன், எங்கள் மேளக்காரப் பையன்களையும் கூட்டிக்கொண்டு போவேன்.